அச்சுக்கு முன் ஓர் அதங்கோட்டு ஆசான் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியாகும் நூல் மதிப்புரைகளைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் வாசித்து வருகிறேன். அச்சேறிவிட்ட நூலைப் பற்றிப் பேச அங்கே இடமிருக்கிறது. அச்சேறுவதற்கு முன்பு ஒரு கைப்பிரதியை யார் படிக்க வேண்டும், அதன் குறையை யார் எழுதியவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதைப் பேசத்தான் எங்கும் இடமில்லை. அந்த இடத்தை எனக்காகவும் என்னைப் போல் எல்லைப்புறத்தில் இருந்து எழுதுகிறவர்களுக்காகவும் தங்களிடம் கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், களியக்காவிளையிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுபோகும். வெட்டு நின்றால் கடைக்கு ஷீட் வராது, ஒட்டுப்பால்கூட வராது. அப்படிக் கடை ஓய்ந்து கிடந்த மழைநாள்களில், பேரேட்டுக்கு அடியில் வைத்திருந்த நோட்டில் ஒரு கதையை எழுதத் தொடங்கினேன். ஆறு மழைக்காலங்களில் பதினோரு நோட்டுகள் நிரம்பின. கடந்த ஆண்டு முழுவதும் அவற்றைக் கணினியில் ஏற்றித் திருத்தி முடித்தேன். இது என் முதல் நாவல். மாயங்கள் நிறைந்த, மிகுபுனைவு என்று இப்போது வழங்கப்படும் வகையைச் சேர்ந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்து நாடு ஒன்றில் ஏழு மடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மடையிலும் ஒரு வாதை, அதாவது ஒரு சிறுதெய்வம், குடியிருக்கிறது. அந்த வாதையின் கதையை யாரேனும் வில்லடித்து, வில்லுப்பாட்டாக, காப்பில் தொடங்கி வாழி வரைக்கும் குறைவில்லாமல் பாடினால், அது கண் விழித்து மடையைத் திறந்துவிடும். ஆனால் பாடியவருடைய ஓர்மைகளுள், அதாவது நினைவுகளுள், ஒன்றைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். நாடு வறண்டு கிடக்கும் காலத்தில், பாட்டியிடம் வில் பயின்ற ஓர் இளம்பெண் ஏழு மடைகளுக்கும் பாடப் புறப்படுகிறாள். மடை ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, அவள் தன் வீட்டையும் தன் ஆட்களையும் ஒவ்வொன்றாக மறக்கிறாள். ஏழாவது மடைக்கு வந்து சேரும்போது பாட்டே அவளுக்கு ஓர்மையில் இருக்குமா என்பதுதான் கதை.

இதை வைத்துக்கொண்டு, எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேசும் இலக்கிய முகவர் ஒருவரை அணுக எண்ணியிருக்கிறேன். தமிழில் எழுத்தாளர் நேரே பதிப்பாளரிடம் போவதுதான் வழக்கம் என்பதை அறிவேன். ஆனால் தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் மொழிபெயர்ப்பு உரிமைகள் கைமாறுவதைத் தங்கள் நாளிதழில் படித்தபோது, நம் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் தெய்வங்களின் சாயல் உள்ள ஒரு கதை வேறு மொழிகளுக்கும் போக முடியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. அங்கே வழிகாட்டுபவர் முகவர்தான். ஆங்கிலப் பதிப்புலகில் பெரிய நிறுவனங்கள் பலவும் முகவர் கொண்டுவரும் கைப்பிரதியையே கையில் எடுக்கின்றன. முகவருக்கு நாம் அனுப்ப வேண்டியவை பொதுவாக மூன்று: ஒரு பக்கத்துக்கு மேற்போகாத கடிதம், முடிவையும் மறைக்காமல் சொல்லும் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் அல்லது முதல் ஐம்பது பக்கங்கள். தம்பி ஒருவன் திருவனந்தபுரத்தில் ஆங்கில ஆசிரியராக இருக்கிறான். முதல் மூன்று அத்தியாயங்களை அவன்தான் மொழிபெயர்த்து வருகிறான்.

அந்த வேலையில்தான் ஒரு செய்தி தெரிய வந்தது. புதியவர் எழுதும் மிகுபுனைவு நாவல் ஏறத்தாழ 90,000 முதல் 1,20,000 ஆங்கிலச் சொற்களுக்குள் இருப்பதை ஆங்கிலப் பதிப்புலகில் விரும்புகிறார்கள். என் கைப்பிரதி தமிழில் 98,000 சொற்கள். அளவுக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் 'வந்துகொண்டிருந்தவளிடம்' என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவது ஆங்கிலத்தில் ஆறேழு சொற்களாகப் பிரிந்து நிற்கிறது. மூன்று அத்தியாயங்களை மொழிபெயர்த்துப் பார்த்ததில் சொற்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. ஆகவே கதையில் எங்கே கை வைப்பது, எந்த மடையைச் சுருக்குவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. எழுதியவளுக்கு எல்லாப் பக்கமும் வேண்டியதாகவே தோன்றுகிறது. எந்த இடத்தில் சலிப்புத் தட்டுகிறது என்பதைப் படிப்பவர்தாம் சொல்ல முடியும்.

முகவரிடம் போவதற்கு முன்பே வாசகரைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை வேண்டாம் என்று திருப்பியனுப்பிய கைப்பிரதியை முகவர்கள் பெரும்பாலும் மறுமுறை பார்ப்பதில்லை. நேர்மையான முகவர் படித்துப் பார்ப்பதற்கென்று எழுத்தாளரிடம் காசு வாங்குவதில்லை. நூல் விலைபோன பிறகு வரும் தொகையில் வழக்கமாக 15 விழுக்காடும், அயல்நாட்டு உரிமைகளிலும் மொழிபெயர்ப்பு உரிமைகளிலும் 20 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறார். தம் உழைப்புக்குக் கூலி கிடைக்குமா என்று எண்ணிப் பார்த்துத்தான் அவர் ஒரு கைப்பிரதியை ஏற்க முடியும். அப்படிப்பட்டவரிடம் அரைகுறையாக வெந்ததைக் கொண்டுபோய் வைப்பது அவருடைய நேரத்துக்கும் கேடு, என் ஆறு ஆண்டுகளுக்கும் கேடு.

காசு கொடுத்து அச்சடிக்கும் வழி ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு அப்படி ஒரு பதிப்பகத்துக்குக் கைப்பிரதியை அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது: நாவல் அருமை, அறுபத்தைந்தாயிரம் ரூபாய் கட்டினால் முந்நூறு பிரதிகள், அட்டைப்படம் தனி. கதையில் யார் பாடுகிறார்கள், எதற்காகப் பாடுகிறார்கள் என்பதைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை. தொலைபேசியில் அழைத்து, எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் எல்லாமே பிடித்தது என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படிக்காமலே பாராட்டப்படுவதைவிடப் படித்துவிட்டுத் திட்டப்படுவதே மேல் என்று அன்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

உண்மையாகப் படித்துக் குறை சொன்னவர்கள் இதுவரை இரண்டே பேர். அவர்கள் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். எனக்கு எப்படிப்பட்ட வாசகர் வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒருவர், எழுபது வயதைக் கடந்த வில்லுப்பாட்டு அண்ணாவி, அதாவது பாட்டுக் குழுவின் தலைவர். கண்பார்வை குறைந்துவிட்டதால் நான் அத்தியாயங்களை வாசிக்க, அவர் திண்ணையில் சாய்ந்திருந்து கேட்டார். முதல் மடையில் பாட்டு எழும்பும் காட்சியில், துணைப்பாட்டுக்காரர் ஒரு கோலை ஓங்கிக் குடத்தில் அடித்தார் என்று எழுதியிருந்தேன். அண்ணாவி கையை உயர்த்தி நிறுத்தினார். "மக்ளே, கோலைக் கொண்டு அடிச்சா மண்குடம் நிக்குமா?" என்றார். வீசுகோல் வில்லின் நாணுக்கு உரியது. குடத்தின் வாயில் அடிப்பது பத்தி என்னும் தட்டையான கருவி. சிறு வயதிலிருந்து கொடைகளில் இரவிரவாக உட்கார்ந்து கேட்டவள் நான். பாட்டில் மயங்கி இருந்தேனே தவிர அந்தக் கையைப் பார்த்திருக்கவில்லை. அண்ணாவி எழுந்து உள்ளே போய், ஓரம் தேய்ந்து நிறம் மங்கிய தம் பழைய பத்தியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். அதன் எடையை உணர்ந்த பிறகு அந்தக் காட்சியை முழுவதுமாக மாற்றி எழுதினேன். குடத்தின் அந்த அடைத்த ஒலிதான் இப்போது முதல் வாதையை உசுப்புகிறது.

இன்னொருவர், எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டுக்கு வரும் இளைஞர். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டி முடித்துவிட்டு, சிரட்டையில் பால் நிறையும் வரைக்கும் உள்ள இடைவெளியில் கைபேசியில் கதை படிப்பவர். நான்கு நாளில் நாவலை முடித்துவிட்டுக் கேட்டார்: "எக்கா, ஒம்பதாம் அத்தியாயத்துல அம்மைக்க பேரு அவளுக்கு மறந்துபோச்சு. பின்ன இருபத்தொண்ணுல அம்மைய எப்படிப் பேரு சொல்லி விளிச்சா?" நான் வாயடைத்து நின்றேன். மறதிதான் இந்த நாவலின் விதி. அந்த விதியை நானே மறந்திருக்கிறேன். நடக்க முடியாததை நடந்ததாகச் சொல்லும் கதைக்கு, வாசகர் ஒரே ஒரு நிபந்தனையில்தான் இணங்குகிறார்: நீ போட்ட கணக்கை நீயே மாற்றாதே என்பதுதான் அது. ரப்பர் கடையில் ஒரு கிலோ கணக்குத் தவறினாலும் கண்டுபிடித்துவிடும் எனக்கு, என் சொந்தக் கதையில் விழுந்த இந்தத் தவறு ஆறு ஆண்டுகளாகத் தென்படவில்லை. இன்னும் எத்தனை இருக்கின்றன என்று தெரியாது.

ஒரு பிழையை மட்டும் நானாகவே பிடித்தேன். கதையில் வரும் நாட்டுக்கு வரைபடம் வரைந்தபோது, ஆறு சூரியன் உதிக்கும் பக்கமாகப் பாய்வதாக எழுதியிருப்பது தெரிந்தது. கோதையாறும் பறளியாறும் கூடி வரும் எங்கள் குழித்துறைத் தாமிரபரணி, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் சேர்கிறது. திருநெல்வேலித் தாமிரபரணிதான் கிழக்கே பாய்வது. பெயர் ஒன்றாக இருந்ததால், பள்ளிப் புத்தகத்தில் படித்த ஆற்றை, நாள்தோறும் கண்ணால் காணும் ஆற்றின்மேல் எழுதிவிட்டேன்.

இனி நான் அறிய விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத் தமிழில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். ஓர்மை என்றால் நினைவு. வாதை என்றால் ஊரைக் காக்கவும் ஊரை வருத்தவும் வல்ல ஒரு சிறுதெய்வம். தஞ்சாவூர்க்காரருக்கோ மதுரைக்காரருக்கோ வெள்ளம் பெருக்கெடுத்து வருவது, ஓர்மை மன ஒருமை, வாதை துன்பம். என் கதை முழுவதும் இந்த மூன்று சொற்களின் மேல்தான் நிற்கிறது. வறண்ட நாட்டில் ஒரு குழந்தை "கொஞ்சம் வெள்ளம் தா" என்று கேட்கும் இடத்தில், வைகைக் கரையில் இருந்து படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவாரா? அந்தத் தடுமாற்றம் கதைக்கு நல்லதா, கெட்டதா? தண்ணீர் என்று மாற்றிவிடுங்கள் என்று ஒரு நண்பர் எளிதாகச் சொல்லிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தாய்த்தமிழகத்தோடு சேர்ந்ததற்குப் பின்னால் மொழிக்காக உயிரையே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசிய தமிழும் இந்தத் தமிழ்தான். அதை அடிக்குறிப்பு இல்லாமல், விளக்கம் இல்லாமல், கதையின் போக்கிலேயே பிற மாவட்டத்தவருக்குப் புரிய வைக்க முடியும் என்று நம்புகிறேன். முடிந்திருக்கிறதா என்பதை என்னைச் சுற்றியுள்ளவர்கள் யாரும் சொல்ல முடியாது. அவர்கள் எல்லோரும் வெள்ளம் குடிப்பவர்கள். குமரி மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்கள்தாம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, அதங்கோடு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அரங்கேறியபோது அதைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டு ஆசான் என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. அந்த ஆசானின் ஊர் இதுவே என்பது எங்கள் பகுதி மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. அவர் குற்றம் காட்டிக் கேள்வி எழுப்ப எழுப்ப, தொல்காப்பியர் விடை சொல்லிக்கொண்டே வந்தார் என்று நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதை உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆசானின் மேல்தான் பெரிய மரியாதை வருகிறது. முழு நூலையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். குற்றம் கண்ட இடத்தில் வாய் மூடி இருக்கவில்லை. விடை வந்ததும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவியை யார் செய்ய முடியும்? அண்மைக்காலத்திலும் நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி 'காகங்கள்' என்ற பெயரில் இலக்கியச் சந்திப்புகள் நடத்தியதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அந்தக் காலத்துக்குப் பின்னால் வந்தவள்.

ஆகவே தங்கள் வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துக் கருத்துச் சொல்லப் பத்துப் பேர் வேண்டும். மாயக் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள் சிலரும், அத்தகைய கதைகளைத் தொட்டே பார்க்காதவர்கள் சிலரும் இருந்தால் நல்லது. மலையாளம் கலந்த தமிழை அறியாதவர்கள் அவசியம் வேண்டும். எங்கே படிப்பதை நிறுத்தத் தோன்றியது, எந்தப் பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று குழம்பிற்று, எந்த இடத்தில் மாயம் நம்பும்படி இல்லை, அந்தப் பெண் முதல் ஓர்மையை இழக்கும்போது மனம் அசைந்ததா இல்லையா என்பவற்றைத்தான் அறிய விரும்புகிறேன். வல்லினம் மிகும் இடங்களைத் திருத்தித் தர வேண்டாம். அதைப் பிறகு ஒரு தமிழாசிரியரிடம் காட்டிக்கொள்வேன். மனம் நோகுமே என்று எண்ணிச் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். நாவலுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. படித்தவர்களுக்கு ஏதேனும் தோன்றினால் அதையும் எழுதலாம். பதிலுக்கு, அவர்களிடம் கைப்பிரதி இருந்தால் நானும் அதே கவனத்தோடு படித்து எழுதுவேன்.

தங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் மாதத்துக்கு ஒருமுறையேனும், இன்னும் அச்சேறாத ஒரு நாவலின் முதல் பக்கத்தை வெளியிட்டு, அடுத்த மாதம் வாசகர்கள் அதைப் பற்றி எழுதும் கடிதங்களுக்கு இடம் தரலாம். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் சிற்றூர்களில்கூட வாயனசாலை என்னும் வாசகசாலை இருக்கிறது, பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய நூலக இயக்கம் வளர்த்துவிட்ட பழக்கம் அது. அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. அங்கே மாலை நேரத்தில் நாலு பேர் கூடி ஒரு கதையை வாசித்து வாதாடுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பொது நூலகத்துக்கென்று 1948-லேயே சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. அந்த வகையில் இந்தியாவுக்கே முன்னோடி. நம் கிளை நூலகங்களிலும் மாதம் ஒரு ஞாயிறு மாலையை, அந்த வட்டாரத்தில் எழுதுகிறவர்களின் கைப்பிரதி வாசிப்புக்கு ஒதுக்கலாம். மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. நூலகத்துறை அதிகாரிகளின் கண்ணில் இக்கடிதம் படுமானால் மகிழ்வேன்.

முதல் மூன்று அத்தியாயங்களும் சேர்ந்து நாற்பத்திரண்டு பக்கங்கள். பத்துப் படிகள் எடுத்து, திருத்தம் எழுத ஓரத்தில் இடம் விட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். அஞ்சல் செலவு போகவும் வரவும் என்னுடையது. என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இத்துடன் இணைத்துள்ளேன். படிக்க விரும்புவோர் தங்கள் நாளிதழ் அலுவலகத்துக்கு எழுதினால், அக்கடிதங்களை எனக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது திருத்தி எழுத உட்கார வேண்டும். அதற்குள் கருத்துகள் கைக்கு வந்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகி,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.